மகன் கேமிங் பிசி கேக்குறான்: கம்பெனி சிஸ்டமா, அசெம்பிள் பண்றதா?

வணக்கம்மா. உங்க பையனுக்கு, அதான் தம்பிக்கு, சிஎஸ்இ (கம்ப்யூட்டர் சயின்ஸ் இன்ஜினியரிங்) சீட் கிடைச்சதுல ரொம்ப சந்தோஷம். 70 ஆயிரத்துக்குள்ள கம்ப்யூட்டர் வாங்கணும், அவன் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போய் பார்ட்ஸ் வாங்கி அசெம்பிள் பண்றேங்குறான், அவங்க அப்பா கம்பெனி சிஸ்டம் (பிராண்டோட ரெடியா வர்றது) தவிர வேற எதுவும் வேண்டாங்குறார், நடுவுல நீங்க யார் பக்கம் பேசுறதுன்னு தெரியாம இருக்கீங்க. கேம் ஆடியே படிப்பை கோட்டை விட்டுருவானோங்குற பயம் வேற. எல்லாத்தையும் ஒண்ணு ஒண்ணா சொல்றேன்.

தம்பி வீட்ல இருந்து காலேஜ் பஸ்ல போய் வரப்போறான்னு எழுதியிருந்ததாலதான் டெஸ்க்டாப் பத்தி பேசுறேன். ஹாஸ்டல்னா யோசிக்கவே வேண்டாம், லேப்டாப்தான்.

அடுத்து படிப்பு. சிஎஸ்இ மொத ரெண்டு வருஷம் சி, பைதான், ஜாவா, டேட்டா ஸ்ட்ரக்சர், இதுக்கெல்லாம் கிராபிக்ஸ் கார்டே (கேம், படம் மாதிரி வேலைக்குன்னு தனியா போடுற கார்டு) தேவையில்ல, 16 ஜிபி ராமும் (ஓடிட்டிருக்குற வேலையை வச்சுக்குற மெமரி) ஒரு எஸ்எஸ்டியும் (ஃபைல் எல்லாம் சேத்து வைக்குற வேகமான டிரைவ்) இருந்தா போதும். "படிப்புக்கு கேமிங் பிசி வேணும்"னு தம்பி சொன்னா அது இப்போதைக்கு பாதிதான் உண்மை. மூணாவது வருஷம் ஏஐ, மெஷின் லேர்னிங் பக்கம் போனான்னா என்விடியா கார்டு இருக்குறது உதவும், ஏன்னா அந்த டூல்ஸ்ல நிறைய என்விடியாவோட குடாங்குற சாப்ட்வேரை நம்பித்தான் இருக்கு, ஆனா அதுக்கும் கூகுள் கோலாப்ல (பிரவுசர்லயே புரோகிராம் ஓட்டுற கூகுள் சேவை) இலவசமாவே கொஞ்ச நேரம் ஜிபியு (கிராபிக்ஸ் கார்டுல இருக்குற சிப்) கிடைக்குது. கேம் டெவலப்மென்ட், அனிமேஷன்னு போற பசங்க கதை வேற. அன்ரியல் இன்ஜின், பிளெண்டர் மாதிரி சாப்ட்வேர் எல்லாம் ராமையும் கார்டையும் நல்லா சாப்பிடும், அவங்களுக்கு மொத நாள்ல இருந்தே நல்ல கார்டு வேணும். உங்க பையனுக்கு அந்த அவசரம் இல்ல, இதுதான் உங்க பட்ஜெட்டை காப்பாத்தப் போற விஷயம்.

என் கருத்து, அசெம்பிள் பண்ணுங்க. விலை குறையுங்குறதுக்காக சொல்லல. கம்பெனி டவர் (சிபியு பெட்டி) பலதுல மதர்போர்டும் (எல்லா பார்ட்டும் மாட்டுற மெயின் போர்டு) எஸ்எம்பிஎஸ்ஸும் (உள்ள இருக்குற பவர் சப்ளை) அவங்க சொந்த டிசைன்ல இருக்கும், கனெக்டர் கூட வேற மாதிரி. ஆபீஸ் வேலைக்கு போதுற அளவுக்கு 180 வாட், 260 வாட்னு சின்ன எஸ்எம்பிஎஸ் போட்டிருப்பாங்க. ரெண்டு வருஷம் கழிச்சு ஒரு கார்டு போடலாம்னு பாத்தா கரண்ட் பத்தாது, எஸ்எம்பிஎஸ்ஸை மாத்தலாம்னா கடையில கிடைக்குறது அதுல பொருந்தாது, கடைசில முழு சிஸ்டத்தையும் மாத்தணும். அசெம்பிள் பண்ணதுல எல்லாமே பொதுவான அளவு, எந்த ஊர்லயும் பார்ட் கிடைக்கும். காசு இருக்கப்போ இருக்கப்போ ஒண்ணொண்ணா ஏத்திக்கலாம், நம்மள மாதிரி மாச சம்பளக் குடும்பத்துக்கு அதுதான் தோது.

ஆனா அவங்க அப்பா சொல்றதுலயும் நியாயம் இருக்கு, அதை தம்பி தட்டிக்கழிக்கக் கூடாது. கம்பெனி சிஸ்டத்துக்கு ஏதாவது ஆச்சுன்னா ஒரே நம்பருக்கு போன் பண்ணா போதும், பெரும்பாலும் ஒரு வருஷம் வீட்டுக்கே வந்து பாப்பாங்க. விண்டோஸும் பெரும்பாலும் லைசென்ஸோட வரும். அசெம்பிள்டுல ராமுக்கு ஒரு வாரண்டி, கார்டுக்கு ஒரு வாரண்டி, போர்டுக்கு ஒண்ணு, எது கெட்டுச்சுன்னு முதல்ல நாமதான் கண்டுபிடிக்கணும், அப்புறம் அந்தந்த சர்வீஸ் சென்டருக்கு அலையணும். இன்னொண்ணு, ஏஐ டேட்டா சென்டர்களுக்கு மெமரி சிப் போறதால 2025 கடைசில இருந்து ராம் விலை பயங்கரமா ஏறிடுச்சு, எஸ்எஸ்டியும் கூடவே ஏறிச்சு. பழைய ஸ்டாக் வச்சிருக்குற கம்பெனி சிஸ்டம் சில சமயம் அசெம்பிள்டை விட சல்லிசாவே கிடைக்கலாம். அதனால ரெண்டுக்கும் அதே வாரத்து விலையை எடுத்து பக்கத்துல பக்கத்துல வச்சு பாருங்க, ஆறு மாசத்துக்கு முன்னாடி யூட்யூப்ல சொன்ன விலையை நம்பாதீங்க.

இப்ப சொல்றதைத்தான் நீங்க முக்கியமா கவனிக்கணும். ஆன்லைன்லயும் சில கடைகள்லயும் "ஐ7 கேமிங் பிசி 25 ஆயிரம்"னு கலர் லைட்டோட விக்குறாங்க. பெத்தவங்க ஐ7ங்குற இன்டெல் பிராசசர் பேரைப் பாத்து நல்ல சாமான்னு நினைச்சு வாங்கிடுறாங்க. அது பெரும்பாலும் 2011, 2012ல வந்த ரெண்டாவது, மூணாவது ஜெனரேஷன் ஐ7, கூட எச்61 போர்டு, டிடிஆர்3 ராம், ஜிடி 730 கார்டுன்னு எல்லாம் பழசு, எல்லாத்தையும் புது கேபினட்ல போட்டு லைட் எரிய விட்டிருப்பாங்க. விண்டோஸ் 11க்கு மைக்ரோசாப்ட் கேக்குறது இன்டெல்ல எட்டாவது ஜெனரேஷனும் அதுக்கு மேலயும்தான், விண்டோஸ் 10க்கு சப்போர்ட் 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சு போச்சு. வேலோரன்ட் மாதிரி கேம் கூட விண்டோஸ் 11ல டிபிஎம் 2.0, செக்யூர் பூட்னு ரெண்டு பாதுகாப்பு வசதி இல்லாம ஓடாது, அப்ப அந்த 25 ஆயிரம் படிப்புக்கும் இல்ல விளையாட்டுக்கும் இல்ல. ஐ5, ஐ7ங்குறது போதாது, முழு மாடல் நம்பர் கேளுங்க. சொல்ல மறுத்தா அந்தக் கடை வேண்டாம்.

பட்ஜெட்டுக்கு வருவோம். 70 ஆயிரங்குறது டவருக்கு மட்டுமா, எல்லாத்துக்குமான்னு தம்பிகிட்ட கேளுங்க, பசங்க மானிட்டரை கணக்குல விட்டுருவாங்க. மானிட்டர், கீபோர்டு, மவுஸ், யூபிஎஸ்ஸுக்கு 15ல இருந்து 18 ஆயிரம் ஒதுக்கிட்டு மீதில டவர். யூபிஎஸ் கட்டாயம், நம்ம ஊர் கரண்ட் உங்களுக்கே தெரியும். பின்னாடி கார்டு போடுறதா இருந்தா 600 விஏ (யூபிஎஸ்ஸோட திறன் அளவு) தாங்காது, 1 கேவிஏ (1000 விஏ) பாருங்க.

இனி வர்றதை தம்பிகிட்ட படிச்சுக் காட்டுங்க. மீதி காசுல ஒரு கார்டையும் சேத்து எல்லாத்தையும் மட்டமா வாங்குறதுக்கு பதிலா, கிராபிக்ஸ் உள்ளயே இருக்குற பிராசசர் வச்சு ஆரம்பி. ஏஎம்டியோட ரைசன் 5 8600ஜி மாதிரி ஒண்ணு எடுத்தா வேலோரன்ட், சிஎஸ்2 (கவுண்டர் ஸ்ட்ரைக் 2) எல்லாம் செட்டிங்ஸ் குறைச்சு நல்லாவே ஓடும். 8500ஜி விலை கம்மின்னு இறங்கிடாத, அதுல கார்டுக்கு டேட்டா போற லேன் (பாதை) 4 தான், நாளைக்கு கார்டு போடும்போது இடிக்கும். 8600ஜி உக்காருற ஏஎம்5 சாக்கெட் (போர்டுல பிராசசர் மாட்டுற இடம்) 2022ல வந்தது, 2027 வரைக்குமாவது சப்போர்ட் உண்டுன்னு ஏஎம்டியே சொல்லியிருக்கு, அதனால போர்டு வீணாகாது. போர்டுல ராமுக்கு 4 ஸ்லாட் இருந்தா நல்லது. எஸ்எம்பிஎஸ்ல மட்டும் காசு மிச்சம் பிடிக்காத. பேர் தெரிஞ்ச கம்பெனியோட 550 வாட் இல்ல 650 வாட், 80 பிளஸ் பிரான்ஸ் (கரண்ட்டை அதிகம் வீணாக்காதுங்குற தரச் சான்று) போட்டதா வாங்கு, கேபினட்டோட இலவசமா வர்றது வேண்டவே வேண்டாம், அது போகும்போது போர்டையும் சேத்து இழுத்துட்டு போகும். கார்டை மூணாவது வருஷம் பாத்துக்கலாம், அப்ப உனக்கு எந்தப் பக்கம் போறோம்னு தெரிஞ்சிருக்கும்.

கடையில பில் இல்லாம வாங்கினா 18 சதவீத ஜிஎஸ்டி மிச்சம்னு ஆசை காட்டுவாங்கம்மா, தயவு செஞ்சு சம்மதிக்காதீங்க. பில்லும் அதுல ஒவ்வொரு பார்ட்டோட சீரியல் நம்பரும் இல்லேன்னா வாரண்டி கேக்கப் போறப்ப அல்லாடணும். கிராக் (திருட்டு) விண்டோஸ் போட்டுத் தர்றேன்னாலும் வேண்டாம், காசு இல்லேன்னா உபுண்டுங்குற இலவச லினக்ஸ் போட்டுக்கட்டும், சிஎஸ்இ பையன் லினக்ஸ் பழகுறது இன்டர்வியூ வரைக்கும் கை கொடுக்கும், கேமுக்கு விண்டோஸ் வேணும்னா அப்புறமா காசு சேத்து வாங்கிக்கட்டும்.

கேம் பயத்துக்கு வர்றேன். கம்ப்யூட்டரை ரூமுக்குள்ள வைக்காம ஹால்ல வைங்க. அதை விட முக்கியம், பார்ட்ஸ் லிஸ்ட்டை அவனையே எழுத வைங்க, ஒவ்வொண்ணுக்கும் ஏன் இது, ஏன் அது இல்லன்னு ஒரு வரி. அதை அவங்க அப்பாகிட்ட உக்காந்து அவனே விளக்கணும், அப்பா கேக்குற கேள்விக்கெல்லாம் பதில் சொல்லணும். பதில் தெரியலேன்னா தேடிட்டு அடுத்த நாள் வந்து சொல்லட்டும். கம்ப்யூட்டர் ஆர்கிடெக்சர்னு ஒரு பேப்பர் பின்னாடி வரும், அதுல வர்ற பிராசசர், மெமரி, போர்டு எல்லாத்தையும் இப்பவே கையால தொட்டுப் பாத்துடுவான். வீட்டுக்கு கொண்டு வந்து அவனே மாட்டட்டும், முடியலேன்னா கடையில மாட்டும்போது பக்கத்துல நிக்கட்டும், கிளம்புறதுக்கு முன்னாடி அங்கயே ஆன் பண்ணி சிபியு-இசட்ங்குற இலவச சாப்ட்வேர்ல பிராசசர் பேரும் ராம் அளவும் பில்லோட ஒத்துப்போகுதான்னு பாத்துடணும்.

இவ்வளவும் செய்ய அவனுக்கு பொறுமை இல்ல, ரெடியா வந்தா போதும்னு நினைக்குறான்னா அப்ப அப்பா சொல்ற கம்பெனி சிஸ்டமே வாங்கிடுங்க, அதுல தப்பே இல்ல. எஸ்எம்பிஎஸ் எத்தனை வாட், தனியா கார்டு போட இடம் இருக்கா, ராம் ஸ்லாட் காலி இருக்கான்னு மட்டும் கேட்டு வாங்குங்க. லிஸ்ட் எழுதினா எனக்கும் ஒரு காப்பி அனுப்ப சொல்லுங்க, காசு கட்டுறதுக்கு முன்னாடி பாத்து சொல்றேன்.