கரி தொட்ட விரல்

மதிப்பிற்குரிய ஐயா,
பிரான்ஸின் ஷோவே குகை ஓவியங்களைப் படங்களில் பார்த்தேன். இவை வேட்டை பலிப்பதற்கான மந்திரமா? குழந்தைக் கிறுக்கல் போன்ற இவற்றைப் பெருங்கலை என்று கொண்டாடுவது மிகையல்லவா?
ச.

அன்புள்ள ச.,

உங்கள் கடிதம் வந்தபோது நானும் அந்தக் குகையின் குதிரைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மந்திரமா என்பதற்கு நீண்ட பதில் தேவையில்லை. அக்கால மக்கள் பெரிதும் உண்டது பனிமானை. ஷோவேயின் சுவர்களை நிறைத்திருப்பவை சிங்கமும் காண்டாமிருகமும் மாமூத் என்ற பனியுக யானையும். வேட்டை மந்திரமென்றால் உண்டதையல்லவா வரைந்திருப்பார்கள்?

ஆனால் ‘குழந்தைக் கிறுக்கல்’ என்று எப்படி எழுதினீர்கள்? சுமார் 36,000 ஆண்டுகளுக்கு முன் அந்த ஓவியர் முதலில் சுவரைச் சுரண்டி வெண்பாறையை வெளிக்கொணர்ந்திருக்கிறார். அதன்மேல் கரியால் நான்கு குதிரைத் தலைகளை அடுத்தடுத்து வரைந்து, சுவரின் களிமண்ணோடு கரியை விரலால் குழைத்துத் தேய்த்து நிழல் கொடுத்து, கடைசியில் விளிம்பைக் கீறி அவற்றை எடுப்பாக்கியிருக்கிறார். கிறுக்குகிறவர் யாராவது சுவரைத் தயார்செய்வாரா?

கிறுக்கல் எதுவென்று எனக்குத் தெரியும். ஏழு வயதில் பாட்டி வீட்டுச் சுண்ணாம்புச் சுவரில் அடுப்புக்கரியால் ஒரு பசுவை வரைந்தேன். கோணலாகப் போன கோட்டை விரலால் அழித்தபோது கரி பரவிக் கழுத்தடியில் நிழல் விழ, தட்டையாக நின்ற பசுவுக்குச் சட்டென்று உடம்பு வந்துவிட்டது. விளக்குமாற்றோடு வந்த பாட்டி, அடிக்க ஓங்கிய கையைத் தாழ்த்தி, “அலைதாடி அப்படியே தொங்குதேடா” என்றார். மறுநாள் அவரே அதன்மேல் சுண்ணாம்பு பூசினார். எத்தனையோ முறை முயன்றும் அந்த நிழல் எனக்கு மறுபடி வாய்க்கவில்லை. எனக்குத் தற்செயலாக ஒருமுறை நேர்ந்ததை அந்த ஓவியர் தெரிந்தே, தலைக்குத் தலை செய்திருக்கிறார்.

உங்கள் சொல்லின் பின்னுள்ள எண்ணத்துக்கு ஒருவர் பெரிய விலை கொடுத்திருக்கிறார். 1879-இல் ஸ்பெயினின் அல்தமிரா குகைக் கூரையில் சிறுமி மரியா காட்டெருதுகளைக் கண்டாள். அவை தொல்மனிதர் வரைந்தவை என்று அவள் தந்தை சௌத்துவோலா எழுதினார். தொல்மனிதருக்கு இவ்வளவு கைத்திறன் இருந்திருக்காது என்று அறிஞர்கள் மறுத்தார்கள். மோசடி என்றும் பழித்தார்கள். அந்தப் பழியோடேயே அவர் 1888-இல் இறந்தார். மறுத்தவர்களில் முதன்மையானவரான எமீல் கார்த்தயாக் தம் தவற்றை எழுத்தில் ஒப்புக்கொண்டது 1902-இல்தான். அந்தப் பதினான்கு ஆண்டுகளை நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு பொறுப்பதில்லை.

உங்களைக் கடிந்துகொண்டது உங்கள் மேலுள்ள அக்கறையால்தான். அந்தப் படத்தை மீண்டும் எடுத்து, நான்கு குதிரைகளில் கடைசியாகக் கீழே இருப்பதை மட்டும் பாருங்கள். அதன் வாய் சற்றே திறந்திருக்கிறது. அந்த வாயோரத்து நிழலைப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.