அட்லாண்டாவில் நடப்பதுபோல் தண்ணீர்ச் செலவுக்கு வரி போடலாமா என்று உங்கள் ஊரில் வாக்கெடுப்பு வந்தால் எந்தப் பக்கம் போடுவீர்கள்?

எங்கள் ஊர் திருகோணமலை. அப்படி ஒரு வாக்கெடுப்பு வந்தால் ‘ஆம்’ என்றுதான் போடுவேன். அந்த வரி எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது, அது வேறு கதை.

அட்லாண்டா விஷயம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: அந்த அமெரிக்க நகரின் பழைய பகுதிகளில் மழைநீரும் சாக்கடையும் ஒரே குழாயில்தான் ஓடின. பெருமழை பெய்தால் இரண்டும் சேர்ந்து சட்டஹூச்சி ஆற்றுக்குள் வழிந்துவிடும். வழக்குப் போட்டார்கள். 1998இலும் 1999இலும் நீதிமன்றத்தில் ஏற்பட்ட உடன்பாடுகளால், குழாய்களைத் திருத்துவதைத் தவிர நகரத்துக்கு வேறு வழி இருக்கவில்லை. முழுச் செலவையும் தண்ணீர் பில்லில் ஏற்றினால் சனம் தாங்காது என்பதால், ஒரு டொலருக்கு ஒரு சதம் விற்பனை வரி போடலாமா என்று 2004இல் மக்களிடம் கேட்டார்கள். மக்கள் சரி என்றார்கள். அப்போது மேயராக இருந்த ஷேர்லி ஃபிராங்ளின் தன்னையே ‘சாக்கடை மேயர்’ என்று சொல்லிக்கொண்டவர். அந்த வரி நாலு வருடத்தில் காலாவதியாகும், திரும்பவும் மக்களிடம் வந்து கேட்க வேண்டும். கடைசியாக 2024 மே மாதம் கேட்டார்கள், அப்போதும் சரி என்றே விழுந்தது.

எங்கள் ஊரில் இதெல்லாம் யாரும் கேட்பதில்லை. கந்தளாய்க் குளத்துத் தண்ணீரைச் சுத்திகரித்து நாற்பது கிலோமீற்றர் தாண்டிக் கொண்டுவருவது தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை. விலை வர்த்தமானியில் வரும். 2022 செப்டெம்பரில் ஏறியது, 2023 ஓகஸ்டில் மறுபடியும் ஏறியது, 2024இல் கொஞ்சம் இறங்கியது. மூன்று தடவையும் பில்லைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம். நாங்கள் வாக்குப் போட்டு அனுப்புகிற உள்ளூராட்சி சபைக்குச் சோலை வரி, அதாவது வீட்டு வரி, கட்டுகிறோம், குப்பைக்கும் தெருவிளக்குக்கும் போய்ச் சண்டை பிடிக்கிறோம். தண்ணீர் விலை அவர்கள் கையில் இல்லை.

வாக்கெடுப்பு என்றால் இந்த ஊரில் பெரிசுகள் ஒரு மாதிரிச் சிரிப்பார்கள். 1987 இலங்கை – இந்திய ஒப்பந்தத்தில், வடக்கோடு இணைந்திருப்பதா என்று கிழக்கு மாகாண மக்களிடம் 1988 முடிவதற்குள் கேட்பதாக எழுதியிருந்தது. தள்ளித் தள்ளிப் போட்டார்கள். 2006இல் உயர் நீதிமன்றம் இணைப்பே செல்லாது என்று சொல்லும் வரைக்கும் எங்களிடம் யாரும் கேட்கவில்லை. நாடு முழுக்க நடந்த ஒரே சர்வஜன வாக்கெடுப்பு 1982 டிசம்பரில், பாராளுமன்றத்தின் ஆயுளை நீட்டுவதற்கு. ஆமென்றால் விளக்கு, இல்லையென்றால் குடம். தண்ணீருக்கு ஒன்று வைத்தால் தயவுசெய்து குடத்தை ‘இல்லை’ பக்கம் வைக்காதீர்கள், பாதிச் சனம் குழம்பிவிடும்.

சரி, வந்தால் யார் எப்படிப் போடுவார்கள்? டவுனுக்குள் நிறைய வளவுகளில் கிணறும் உண்டு, பைப் லைனும் உண்டு. குளிக்க, துவைக்க, மரங்களுக்கு ஊற்றக் கிணறு. சமைக்கவும் குடிக்கவும் பைப். கோடையில் வறண்ட கச்சான் காற்று வீசத் தொடங்கினால் கடலோரக் கிணறுகளில் தண்ணீர் இறங்கி உவர்க்கும், சவர்க்காரம் நுரைக்காது. அந்த மாதங்களில் பில்லும் ஏறும். பக்கத்து வீட்டு அக்காவிடம் மாரியில் கேட்டால் “எங்களுக்கு என்ன, கிணறு இருக்குதானே” என்பார். ஓகஸ்டில் கேட்டால் வேறு பதில் வரும். ஆகவே வாக்கெடுப்பை எந்த மாதத்தில் வைப்பது என்பதே பாதி அரசியல்.

இன்னொன்று இருக்கிறது, இதைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. அட்லாண்டா வரியில் பெரும் பங்கு போனது கழிவுநீருக்கு. எங்கள் வீடுகளில் பெரும்பாலும் மலசலகூடக் குழிதான். நிறைந்தால் பவுசரைக் கூப்பிட்டுக் காசு கொடுத்து உறிஞ்சி எடுக்க வைப்போம். மணல் தரை, சின்ன வளவு. அண்ணன் தம்பி பங்கு பிரித்து மதில் கட்டியபிறகு ஒருவரின் குழிக்கும் மற்றவரின் கிணற்றுக்கும் இடையில் எத்தனை அடி மிஞ்சும் என்று நீங்களே பாருங்கள். ஆற்றில் கலந்தால் வழக்குப் போட ஆள் இருக்கிறது. நிலத்துக்குள் கலப்பது கண்ணுக்கே தெரியாது. எனக்கு ‘ஆம்’ போடத் தோன்றுவதற்கு முதல் காரணம் இதுதான். கழிவுநீர்க் குழாய் போடும் செலவை பைப் லைன் வைத்திருப்பவர்களின் பில்லில் மட்டும் கட்டிவிடுவது நியாயமாகாது. கிணறு மட்டும் வைத்திருப்பவரும் குழி வைத்திருக்கிறாரே!

விற்பனை வரி என்றால் வெளியாரும் கட்டுவார்கள் என்பது அங்கே சொல்லப்படும் பெரிய வாதம். இங்கும் பொருந்தும். நிலாவெளியிலும் உப்புவெளியிலும் தங்குபவர்கள், புறாத்தீவுக்குப் படகு எடுப்பவர்கள், கோணேசர் கோயிலுக்கும் கன்னியா வெந்நீரூற்றுக்கும் பஸ் பிடித்து வருபவர்கள் எல்லோரும் இந்த ஊர்த் தண்ணீரைத்தான் பாவிக்கிறார்கள். ஆனால் ஏற்கனவே வற் வரி 18 வீதம். அதற்கு மேல் ஒரு வீதம் என்றால் சவர்க்காரம் வாங்கும் கூலிக்காரருக்கும் ஹோட்டல் முதலாளிக்கும் ஒரே வீதம். தண்ணீர் பில்லிலாவது கூடப் பாவித்தால் அலகு விலை ஏறுகிறது, வறிய குடும்பங்களுக்குத் தனிக் கட்டணம் இருக்கிறது. அதனால் எல்லாக் கடைகளிலும் வேண்டாம், தங்குமிடங்களிலும் உணவகங்களிலும் மட்டும் போடுங்கள் என்பேன். அப்படிப் போட ஒரு உள்ளூராட்சி சபைக்கு எவ்வளவு அதிகாரம் இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும், போதாவிட்டால் சட்டம் மாற வேண்டும்.

வரி போட்டால் குழாய் உடையாது என்றும் நம்பிவிட வேண்டாம். 2024 மே 21 அட்லாண்டாவில் வாக்கு, 31ஆம் தேதி பிரதான குழாய்கள் வெடித்து, நகரத்தின் பல பகுதிகள் நாட்கணக்காகத் தண்ணீருக்குத் தவித்தன. வாக்கு முன்னாலும் குழாய் பின்னாலும் போனதில் அங்குள்ளவர்களுக்கு எவ்வளவு எரிச்சல் வந்திருக்கும்! ஆனாலும் 2028இல் அதே வரிக்காக அவர்களிடம் வந்து நிற்கத்தான் வேண்டும். அப்போது எந்தத் தெருவில் எந்தக் குழாயை மாற்றினீர்கள் என்று கேட்கலாம். எனக்கு வேண்டியது அந்த நாலு வருடக் கெடு. அது இல்லாமல் நிரந்தர வரி என்று சீட்டு அடித்து வந்தால், நானும் குடத்துக்குத்தான் போடுவேன்.