பிணைப்புள்ள உபகாரச் சம்பளம்: கையெழுத்துக்கு முன் ஒரு கணக்கு

கேள்வி: ஏ நிலைத் தேர்வில் நன்றாகச் செய்த என் மகளுக்கு, லண்டனில் படிக்க அரசாங்க அமைப்பு ஒன்றின் உபகாரச் சம்பளம் கிடைத்திருக்கிறது, 6 ஆண்டு பணிப் பிணைப்பு: படிப்பு முடிந்ததும் அத்தனை ஆண்டு அந்த அமைப்பில் வேலை செய்ய வேண்டும். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகமும் பிணைப்பில்லாத உபகாரச் சம்பளம் தருகிறது. லண்டனுக்கு நானும் என் அண்ணனும் பிணையாளர்களாகக் கையெழுத்திட வேண்டும். அவர் தயங்குகிறார். என்ன செய்வது? - யீஷூன் வாசகர்

பதில்: உங்கள் அண்ணன் தயங்குவதில் தவறே இல்லை. மகள் பிணைப்பை முறித்து, வட்டியோடு திருப்பித் தரவேண்டிய படிப்புச் செலவையும் கட்டாவிட்டால், பணம் கேட்டுக் கடிதம் அவர் வீட்டுக்கும் வரும். ஒப்பந்தத்தில் கூட்டு வட்டி எத்தனை விழுக்காடு என்று பாருங்கள். 10 என்றிருந்தால், முதல் நாளே செலவான 2 லட்சம் சிங்கப்பூர் வெள்ளி, 3 ஆண்டுப் படிப்பு முடியும்போது 2,66,200 வெள்ளியாக நிற்கும். அந்தத் தொகையைக் காட்டிவிட்டு அவரிடம் பேனாவைக் கொடுங்கள். அதன் பிறகும் தயங்கினால் வற்புறுத்தாதீர்கள். பணத்தால் பிரிந்த அண்ணன் தம்பிகள் போதும்.

6 ஆண்டு என்பது புதிதல்ல. பொதுச் சேவை ஆணையத்தின் உபகாரச் சம்பளத்திலும் உள்ளூரில் படித்தால் 4, ஆங்கிலம் பேசாத நாட்டில் 5, பேசும் நாட்டில் 6. அந்த ஆண்டுகளில் சம்பளமும் மத்திய சேம நிதியும் (ஓய்வுக்காலச் சேமிப்பு) உண்டு. சும்மா உழைக்கப் போவதில்லை.

ஆகவே கேட்க வேண்டியது மகளிடம்தான்: 22 வயது முதல் 28 வரை எங்கே வாழ விருப்பம்? சிங்கப்பூர்தான், அந்தத் துறைதான் என்றால் லண்டனை விடாதீர்கள். எப்படியும் செய்யப்போகும் வேலைக்குப் படிப்புச் செலவு பரிசாகக் கிடைக்கிறது. லண்டனிலேயே வேலை தேடும் ஆசை இப்போதே இருந்தால், அது உபகாரச் சம்பளம் அல்ல, வட்டிக் கடன். "போகப் போகப் பார்த்துக்கொள்வோம்" என்கிறாளா? பெரும்பாலான 18 வயதுப் பிள்ளைகள் அப்படித்தான் சொல்வார்கள். அப்படியானால் என் வாக்கு உள்ளூர்ப் பல்கலைக்கழகத்துக்கு. பட்டத்தோடு எந்த ஊருக்கும் போகலாம், யாரும் தடுக்க மாட்டார்கள்.

உங்கள் சேம நிதியை நம்பி லண்டனுக்குச் சொந்தச் செலவில் அனுப்பும் எண்ணமிருந்தால் விட்டுவிடுங்கள். சேம நிதிக் கல்விக் கடன் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்குச் செல்லாது.

லண்டன் என்றே முடிவானால், மேற்படிப்புக்காகப் பிணைப்பைத் தள்ளிப்போட முடியுமா, வெளிநாட்டுப் பணியிடம் பிணைப்புக் கணக்கில் சேருமா என்ற இரண்டுக்கும் எழுத்தில் பதில் வாங்கிய பிறகு கையெழுத்திடுங்கள்.