பிரேக்கை மிதித்தால் மீட்டர் லைட் மினுங்குகிறதா? வண்டியின் பின்பக்கம் போய்ப் பாருங்கள்

களக்காட்டுப் பக்கமிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார்:

“அண்ணாச்சி, என்னிடம் 2012 மாடல் பிக்கப் இருக்கிறது. வாழைத்தார் ஏற்றிக்கொண்டு ராத்திரியில் நயினார்குளம் மார்க்கெட்டுக்கு ஓட்டுகிறேன். ஒரு மாதமாக மீட்டர் போர்டு லைட்டும் பார்க்கிங் லைட்டும் சேர்ந்தே அணைந்துவிடுகின்றன. ஹெட்லைட்டில் குறை இல்லை. புது ஃபியூஸ் போட்டால் எரிகிறது. இரண்டு நாளில், பள்ளம் மேடு ஏறி இறங்கும்போது மறுபடி போய்விடுகிறது. அப்படி அணைந்து கிடக்கும்போது பிரேக்கை மிதித்தால் மட்டும் மீட்டர் லைட் மங்கலாக மினுங்குகிறது. பின்னால் பைக்கில் வந்த ஒருவர் பிரேக் லைட்டே தெரியவில்லை என்று சத்தம் போட்டுவிட்டுப் போனார். ஒருவர் மீட்டர் போர்டையே மாற்றச் சொல்கிறார். இன்னொருவர் 30 ஆம்பியர் ஃபியூஸ் போட்டால் போகவே போகாது என்கிறார். எதைச் செய்ய?”

தம்பி, இரண்டையும் செய்ய வேண்டாம். மீட்டர் போர்டு நன்றாக இருக்கிறது. அது நன்றாக இருக்கிறது என்பதற்கு உங்கள் கடிதத்திலேயே சாட்சி இருக்கிறது.

லைட் ஸ்விட்சை முதல் கிளிக்குக்குத் திருப்பினால் என்னென்ன எரியும்? முன்னால் இரண்டு பார்க்கிங் லைட், பின்னால் இரண்டு டெயில் லைட், நம்பர் பிளேட் லைட், அப்புறம் மீட்டருக்குள் இருக்கும் குட்டி பல்புகள். பெரும்பாலான பழைய பிக்கப்களில் இவை எல்லாம் ஒரே குடும்பம். ஒரே ஃபியூஸில் தொடங்கி, ஸ்விட்ச் வழியாக வந்து, ஒரே வயரிலிருந்து கிளை பிரிந்து போகும். ஹெட்லைட்டுக்குத் தனி வழி. அதனால்தான் ஹெட்லைட் எரிய, இவை மட்டும் மொத்தமாகச் சாகின்றன. மீட்டர் லைட்டும் பார்க்கிங் லைட்டும் ஒன்றாகப் போனால் அவற்றை இரண்டு கோளாறாகப் பார்க்கக் கூடாது. மீட்டர் லைட் மட்டும் போயிருந்தால் வேறு கதை. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இனி பிரேக் விஷயத்துக்கு வருவோம். பின்பக்க விளக்கில் பெரும்பாலும் ஒரே பல்புக்குள் இரண்டு இழை இருக்கும். 5 வாட் இழை டெயில் லைட்டுக்கு, 21 வாட் இழை பிரேக்குக்கு. இரண்டுக்கும் பாசிட்டிவ் தனித்தனி, எர்த் மட்டும் பொது. எர்த் என்றால் கரண்ட் வண்டியின் இரும்பு பாடி வழியாக பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் வழி. அந்த எர்த் அறுந்தாலோ துருப்பிடித்தாலோ, பிரேக் மிதிக்கும்போது 21 வாட் இழைக்குள் போன கரண்ட் திரும்ப வழியில்லாமல் நிற்கும். பக்கத்திலிருக்கும் 5 வாட் இழைக்குள் தலைகீழாக நுழைந்து, பார்க்கிங் லைன் வழியாக முன்னால் ஓடி, அங்கே நல்ல எர்த் இருக்கும் முன் பல்புகள், மீட்டர் பல்புகள் வழியாக பாடிக்கு இறங்கும். நீங்கள் பார்த்த மினுக்கல் இதுதான். வழியில் இத்தனை இழைகளைத் தாண்ட வேண்டியிருப்பதால் எதற்கும் முழு கரண்ட் கிடைக்காது. மீட்டர் மங்கலாக எரியும், பிரேக் லைட்டும் சரியாக எரியாது. பைக்காரர் சத்தம் போட்டது அதனால்தான்.

ஆக, பிரேக்கை மிதித்ததும் மீட்டர் மினுங்குகிறது என்றால் மீட்டர் பல்பு உயிரோடு இருக்கிறது, பின்னாலிருந்து மீட்டர் வரைக்கும் வயரும் அறுபடாமல் இருக்கிறது. செலவே இல்லாமல் பாதி வண்டியைச் சோதித்தாயிற்று. பின்பக்க எர்த்தைச் சரிபார்க்காமல் மீட்டர் போர்டுக்கு ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள்.

அந்த வெளிச்சத்தின் அளவையும் கவனியுங்கள். மங்கலாக மினுங்கினால் எர்த். பிரேக் மிதித்ததும் பார்க்கிங் லைட், மீட்டர் லைட் எல்லாம் முழுப் பிரகாசத்தில் எரிந்தால் அது எர்த் கோளாறு இல்லை. பிரேக் வயரும் பார்க்கிங் வயரும் எங்கோ தொட்டுக்கொண்டிருக்கின்றன, இல்லாவிட்டால் இரட்டை இழை பல்பு போட வேண்டிய ஹோல்டரில் ஒற்றை இழை பல்பை யாரோ அழுத்தித் திருகியிருக்கிறார்கள். இரட்டை இழை பல்பின் பக்கவாட்டுக் குமிழ்கள் இரண்டும் ஒரே உயரத்தில் இருக்காது, ஒன்று மேலே, ஒன்று கீழே. அடியில் இரண்டு ஈயப் பொட்டு இருக்கும். பல்பைக் கழற்றி இதைப் பார்க்க இரண்டு நிமிஷம் போதும். முதலில் இதை முடித்துவிடுங்கள்.

எர்த்தைச் சோதிக்க மல்டிமீட்டர்கூடத் தேவையில்லை. வண்டியின் பின்பக்கம் வரை எட்டும் நீளத்தில் ஒரு வயர், இரண்டு நுனியும் சீவியது. ஒரு நுனி பேட்டரி நெகட்டிவில். இன்னொரு நுனியை டெயில் லைட் ஹோல்டரின் எர்த் முனையில் தொட்டுப் பிடியுங்கள். பெரும்பாலும் கறுப்பு வயர் வரும் இடம் அதுதான். ஒருவர் பிரேக்கை மிதிக்கட்டும். பிரேக் லைட் பளிச்சென்று எரிந்து, மீட்டரின் மினுக்கல் நின்றுபோனால் முடிந்தது, எர்த்தான் குற்றவாளி. மல்டிமீட்டர் இருந்தால் லைட் எரியும்போது ஹோல்டர் எர்த்துக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே வோல்ட் பாருங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் நன்றாக இருக்கிறது. அரை வோல்ட்டைத் தாண்டினால் வேலை இருக்கிறது.

சரிசெய்வது சுலபம், ஆனால் அரைகுறையாகச் செய்தால் ஆறு மாதத்தில் மறுபடி வரும். டெயில் லைட்டிலிருந்து வரும் எர்த் வயர் சேஸிஸில் (வண்டியின் அடிச் சட்டத்தில்) எந்த போல்ட்டில் முறுக்கியிருக்கிறது என்று தேடுங்கள். கழற்றினால் வளையத்தில் பச்சைக் களிம்பு பூத்திருக்கும். அந்த வளையத்தைச் சுரண்டி மறுபடி மாட்டாதீர்கள். வெட்டிவிட்டு, கறுக்காத நல்ல செம்பு தெரியும் வரை வயரைச் சீவி, புது ரிங் டெர்மினல் அழுத்துங்கள். சேஸிஸில் அது உட்காரும் இடத்தை உப்புத்தாள் போட்டு இரும்பு பளபளக்கும் வரை தேயுங்கள். பெயிண்டின் மேல் போட்ட எர்த் எர்த்தே இல்லை. பல் வைத்த வாஷர் போட்டு முறுக்கி, மேலே கிரீஸோ வாசலினோ பூசிவிடுங்கள். இரண்டு டெயில் லைட்டுக்கும் ஒரே எர்த் வயர் இருந்தால், மற்ற பக்கத்துக்கும் புதிதாக ஒன்று இழுத்துவிடச் சொல்வேன். ஒன்று போனாலும் இன்னொரு பக்கம் நிற்கும்.

அடுத்தது ஃபியூஸ். எர்த் விட்டுப்போனால் லைட் மங்கும், ஆனால் அதனால் ஃபியூஸ் போகாது. ஃபியூஸ் போக வேண்டுமென்றால் பாசிட்டிவ் வயர் எங்கோ பாடியைத் தொட வேண்டும், அதாவது ஷார்ட் ஆக வேண்டும். அதனால் உங்கள் வண்டியில் கோளாறு இரண்டு. பள்ளத்தில் இறங்கும்போது போகிறது என்பதால் தேய்ந்த வயர் ஒன்று ஆட்டத்தில் இரும்பைத் தொடுகிறது என்று நினைக்கிறேன்.

30 ஆம்பியர் யோசனை ஏன் ஆபத்து என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். முன்னால் இரண்டு 5 வாட், பின்னால் இரண்டு 5 வாட், நம்பர் பிளேட்டுக்கு ஒரு 5 வாட், மீட்டர் பல்புகள் எல்லாம் சேர்ந்து இன்னொரு 5 வாட் என்று வையுங்கள். மொத்தம் 30 வாட். 12 வோல்ட்டில் வெறும் 2.5 ஆம்பியர். இந்த லைனுக்கு 10 ஆம்பியர் சிவப்பு ஃபியூஸே நாலு மடங்கு தாராளம். அதுவே போகிறதென்றால் லோடு கூடியதால் இல்லை, ஷார்ட் ஆனதால். பச்சை நிற 30 ஆம்பியரைப் போட்டால் ஃபியூஸ் போகாது, உண்மைதான். அதற்குப் பதிலாக வயர் போகும். சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளை ஃபியூஸில் சுற்றி ஓட்டிய வண்டி ஒன்றை நான் பிரித்துப் பார்த்திருக்கிறேன். ஸ்டியரிங்குக்குக் கீழே ஏழெட்டு வயர்கள் தோல் உருகி, ஆறிப்போன கருப்பட்டிப் பாகு மாதிரி ஒரே கட்டியாகிக் கிடந்தன. டிரைவர் புகை நெடி வந்ததும் நிறுத்தி பேட்டரியைக் கழற்றியதால் ஆள் தப்பினார், வண்டியும் தப்பியது. ஃபியூஸ் பெட்டி மூடியில் எத்தனை ஆம்பியர் போட்டிருக்கிறதோ அதற்கு மேல் ஒரு படிகூட ஏற வேண்டாம்.

ஷார்ட்டைத் தேட ஃபியூஸ்களை எரித்து வீணாக்க வேண்டாம். எங்கள் தொழிலில் பழைய வழி ஒன்று உண்டு. 21 வாட் பல்பு ஒன்றை ஹோல்டரோடு எடுத்து, அதன் இரண்டு வயரையும் ஃபியூஸ் இருந்த இடத்தின் இரண்டு முனைகளில் மாட்டுங்கள். ஸ்விட்சை முதல் கிளிக்கில் வையுங்கள். பல்பு பாதி மங்கலாக எரிந்தால் அது வண்டியின் சாதாரண லோடு. முழுப் பிரகாசத்தில் எரிந்தால் அந்த நிமிஷத்தில் ஷார்ட் இருக்கிறது. எவ்வளவு நேரம் ஷார்ட்டாக இருந்தாலும் பல்பு எரியுமே தவிர வயர் உருகாது. ஒருவர் பல்பைப் பார்த்துக்கொண்டிருக்க, நீங்கள் வண்டிக்கு அடியில் போய் வயர்க் கட்டை ஒவ்வொரு சாணாக ஆட்டிக்கொண்டே வாருங்கள். எந்த இடத்தில் ஆட்டும்போது பல்பு பளிச்சென்று ஏறுகிறதோ, அங்கே டேப்பைப் பிரியுங்கள்.

நான் முதலில் கைவைக்கும் இடங்கள்: கேபினிலிருந்து வயர் இறங்கி சேஸிஸைத் தொடும் மூலை, ஸ்டெப்னி மாட்டும் இடம், பட்டை ஸ்பிரிங்கின் பின்முனை, சைலன்சர் பக்கம், டெயில் லைட் தகட்டின் ஓட்டை. அந்த ஓட்டையில் ரப்பர் வளையம் இருக்க வேண்டும். பழைய வண்டிகளில் அது உதிர்ந்துபோய், தகட்டின் விளிம்பு பிளேடு மாதிரி வயரை அறுத்துக்கொண்டிருக்கும். பின்கதவில் நம்பர் பிளேட் லைட் இருந்தால் அந்த வயர் கதவைத் திறந்து மூடும்போதெல்லாம் மடங்கும், அதையும் பாருங்கள். தேய்ந்த வயரை முறுக்கி டேப் சுற்றி விட்டுவிடாதீர்கள். நம்ம ஊர் வெயிலில் டேப்பின் பசை இளகி ஒரே கோடையில் அவிழ்ந்துவிடும். ஈயம் வைத்து, சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போட்டு, மேலே பிளாஸ்டிக் குழாய் மாட்டிக் கட்டுங்கள். கேபின் மேலேயோ பாடி ஓரத்திலோ அலங்கார எல்.இ.டி. மாட்டியிருந்தால், அதைப் பார்க்கிங் லைனில் எந்த இடத்தில் இணைத்தார்கள் என்று தேடுங்கள். எல்.இ.டி. அதிகம் கரண்ட் இழுக்காது. அதற்காக வயரைச் சீவிப் போட்ட ஜாயிண்ட்தான் பல வண்டிகளில் தொந்தரவு.

நம் நெல்லை ஜில்லாவில் பின்பக்க வயரிங்குக்கு ஓய்வே கிடையாது. வாழைத்தார் வண்டியில் ஈரச் சருகு மூலையில் அடைந்து உலராமல் கிடக்கும். உவரி, கூடுதாழை, இடிந்தகரைப் பக்கம் மீன் ஏற்றும் வண்டிகளில் ஐஸ் உருகி உப்புத் தண்ணீர் நேராக டெயில் லைட் கப்ளரில் (வயர்களைச் சொருகி இணைக்கும் இடத்தில்) சொட்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணிக் கரையில் முங்கிய வண்டிகளின் கதை தனி. வெள்ளத்துக்கு மறுமாதம் நன்றாக ஓடிய வண்டிகூட வருஷம் கழித்து லைட் கோளாறோடு வரும். கப்ளரைப் பிரித்தால் உள்ளே பின்கள் பச்சையாகப் பூத்திருக்கும். உங்கள் வண்டி வெள்ளத்துக்குப் பிறகு கைமாறி வாங்கியது என்றால், டிரைவர் காலடியில் இருக்கும் கப்ளர்களையும் ஒருமுறை பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

மீட்டர் லைட் மட்டும் அணைந்து, பார்க்கிங் லைட் எல்லாம் எரியும் வண்டிக்காரர்களுக்கு: சில வண்டிகளில் மீட்டர் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு சின்னத் திருகு இருக்கும். யாரோ துடைக்கும்போது அது கடைசி வரை இறங்கியிருக்கலாம். இருபது தடவை இரண்டு பக்கமும் திருகிப் பாருங்கள், உள்ளே படிந்த அழுக்கு விலகினாலே சில சமயம் எரிந்துவிடும். இல்லையென்றால் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு மீட்டரை எடுத்து, பின்னால் கால் சுற்றில் கழலும் பல்புகளைப் பாருங்கள். ஸ்பீடோ கேபிள் இருக்கும் மீட்டரை வெடுக்கென்று இழுக்காதீர்கள். எல்.இ.டி. பல்பு போட்டு எரியவில்லை என்றால் திருப்பிப் போட்டுப் பாருங்கள், அதற்கு பிளஸ் மைனஸ் உண்டு.

உங்கள் வண்டி எட்டு வருஷம் தாண்டியது, வருஷா வருஷம் எஃப்சி (தகுதிச் சான்று) காட்ட வேண்டும். அங்கே லைட் பார்ப்பார்கள். பின்பக்கச் சிவப்பு விளக்கு 155 மீட்டர் தூரத்திலிருந்தே தெரிய வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதிகளில் இருக்கிறது. ஆனால் எஃப்சி தேதி வரட்டும் என்று இருந்துவிடாதீர்கள் தம்பி. நீங்கள் எழுதியது மீட்டர் லைட்டைப் பற்றி, எனக்குக் கவலை பிரேக் லைட்டைப் பற்றி. நான்குவழிச்சாலையில் நள்ளிரவில் பின்னால் வரும் லாரிக்கு நீங்கள் பிரேக் பிடிப்பது தெரியாது. எர்த் சரியாகும் வரை ராத்திரி லோடு எடுக்க வேண்டாம். பகலில் ஒரு மணி நேர வேலைதான் அது. ஷார்ட் தேட இன்னொரு நாள் ஆனாலும் ஆகட்டும்.

எல்லாம் முடிந்தபின் லோடு ஏற்றிய வண்டியை இருட்டில் ஒரு சுவருக்கு முன்னால் பின்பக்கமாக நிறுத்துங்கள். பார்க்கிங் லைட்டைப் போட்டு, பிரேக்கை மிதித்து, இரண்டு பக்க இண்டிகேட்டரையும் ஒவ்வொன்றாகப் போடுங்கள். சுவரில் விழும் சிவப்பு இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருக்க வேண்டும். பிரேக்கில் அந்த வெளிச்சம் ஏற வேண்டும், இண்டிகேட்டர் சிமிட்டும்போது ஏறவோ இறங்கவோ கூடாது. சிமிட்டலோடு சேர்ந்து சிவப்பும் ஏறி இறங்கினால் எர்த் இன்னும் பிடிக்கவில்லை, அந்த போல்ட்டை மறுபடி கழற்றித் தேயுங்கள்.