மெனோபாஸ் நேரத்துல என்ன சாப்பிடலாம், எது வீண் செலவு - கேள்வி பதில்

மெனோபாஸ், அதாவது பீரியட்ஸ் நிக்கற சமயத்தப் பத்தி கேள்விகள் நெறய வந்திருக்கு, ஒரே மாதிரி இருந்ததெல்லாம் சேர்த்துட்டேன். நான் டயட்டிஷியன், டாக்டர் கிடையாது, அதனால மாத்திரைய நிறுத்து, ஆரம்பின்னு நான் சொல்ல மாட்டேன். சமையல்கட்டு விஷயம் எவ்ளோ வேணா கேளுங்க.

48 வயசு, சேலம்: அக்கா, ராத்திரி திடீர்னு நெஞ்சுல இருந்து மூஞ்சி வரைக்கும் குப்புனு சூடு ஏறுது, நைட்டி நனைஞ்சு போகுது, அப்பறம் குளிருது. பீரியட்ஸ் மூணு மாசத்துக்கு ஒரு தடவ வருது. உடம்பு சூடுன்னு மாமியார் வெந்தயமும் எளநீயும் குடுக்கறாங்க. குறைய மாட்டேங்குது.

இது ஹாட் ஃப்ளாஷ்ம்மா. நம்ம ஊர்ல எல்லாத்தையும் "சூடு"ன்னு ஒரே கணக்குல போட்டுடறோம், ஆனா இது நீங்க சாப்பிட்ட கறியாலயோ மாம்பழத்தாலயோ வர்றது இல்ல. உடம்பு சூட்ட கவனிச்சுக்கற ஒரு இடம் மூளைல இருக்கு, ஹைப்போதாலமஸ். ஈஸ்ட்ரோஜன்ங்கற பெண் ஹார்மோன் குறையும்போது அது ரொம்ப உஷாராயிடுது, கொஞ்சூண்டு சூடு கூடினாலும் ஐயையோன்னு ரத்தக்குழாய விரிச்சு வேர்க்க வைக்குது. அதான் அந்த குப்புனு வர்றது. பெரும்பாலும் சில நிமிஷத்துலயே அடங்கும். மாமியார திட்டாதீங்க, வெந்தயம் சுகருக்கும் மலச்சிக்கலுக்கும் நல்லதுதான், எளநீயும் நல்லதுதான், ஆனா ரெண்டும் இத நிறுத்தாது.

செய்ய வேண்டியது என்னன்னா முதல்ல ஒரு காலண்டர்ல எப்ப வருதுன்னு குறிங்க, அதுக்கு முன்னாடி என்ன சாப்டீங்கன்னும் குறிங்க. சிலருக்கு கொதிக்க கொதிக்க காபி, சிலருக்கு காரக்குழம்பு, சிலருக்கு மாமியார் ஃபோன் (சும்மா சொன்னேன், ஆனா டென்ஷனும் கெளப்பும்). உங்களுக்கு எது கெளப்புதோ அத மட்டும் குறைங்க, எல்லாத்தையும் விட்டுட்டு பத்தியம் இருக்க வேணாம். சாயங்கால காபிய 3 மணிக்கு முன்னாடி முடிச்சுடுங்க, தூக்கத்துக்காக. காட்டன் நைட்டி, மெல்லிசு போர்வை, பக்கத்துல ஒரு சொம்பு தண்ணி. எடை கூட இருந்தா கொஞ்சம் குறைச்சாலே சூடு குறையறதா ஆராய்ச்சில பாத்திருக்காங்க.

சோயாவப் பத்தி தனியா நாலஞ்சு பேர் கேட்டிருக்கீங்க. அதுல ஐசோஃப்ளேவோன்னு ஒண்ணு இருக்கு, ஈஸ்ட்ரோஜன் மாதிரி லேசா நடிக்கும். நம்ம குடல்ல இருக்கற சில பாக்டீரியா அத ஈக்வால்னு வேற ஒண்ணா மாத்தும், அந்த பாக்டீரியா எல்லார் வயித்துலயும் இருக்காது. அதனாலதான் ஒருத்தருக்கு கேக்குது இன்னொருத்தருக்கு கேக்கலன்னு சொல்றாங்க. வாரத்துல ரெண்டு மூணு நாள் மீல்மேக்கர் குழம்போ சோயா சுண்டலோ வைங்க, கேட்டா சந்தோஷம், கேக்கலன்னா புரோட்டீன் லாபம். ஆளி விதையும் அதே கததான், ஹாட் ஃப்ளாஷுக்குன்னு பெருசா நம்பாதீங்க, நார்ச்சத்துக்கு ஒரு ஸ்பூன் பொடி பண்ணி மோர்ல போட்டுக்கலாம்.

இதெல்லாம் பண்ணியும் ராத்திரி தூக்கமே போகுதுன்னா மகப்பேறு டாக்டர்கிட்ட போங்க. ஹார்மோன் மாத்திரை இருக்கு, ஹார்மோன் இல்லாத மாத்திரையும் இருக்கு. "தாங்கிக்கோ, எல்லாருக்கும் வர்றதுதான்"னு யாராவது சொன்னா கேக்காதீங்க, இது சில பேருக்கு ஏழு வருஷம் கூட இழுக்கும், அவ்ளோ நாள் தூங்காம எப்படி இருக்கறது.

55, திருநெல்வேலி: எனக்கு நின்னு மூணு வருஷம் ஆச்சு. போன வாரம் லேசா ரத்தம் பட்டுச்சு, ரெண்டு நாள்ல நின்னுடுச்சு. சூட்டுக்குன்னு நெனச்சு சீரகத் தண்ணி குடிச்சேன். வேற என்ன குடிக்கலாம்?

எதுவும் குடிக்க வேணாம், இந்த வாரமே டாக்டர்கிட்ட போங்க. பன்னெண்டு மாசம் முழுசா வராம இருந்தாதான் மெனோபாஸ்னு பேர், அதுக்கப்பறம் ஒரு சொட்டு பட்டாலும், தானா நின்னாலும், பாத்தே ஆகணும். பெரும்பாலும் சாதாரண காரணமாத்தான் இருக்கும், உள்ள வறண்டு போய் கூட படும். ஆனா கர்ப்பப்பை கேன்சரோட முதல் அறிகுறியும் இதேதான், ஆரம்பத்துல பாத்தா நல்லா குணமாகும். ஸ்கேன்ல உள் சவ்வு எவ்ளோ தடிமன்னு பாப்பாங்க, தேவைப்பட்டா கொஞ்சம் எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்புவாங்க. கூச்சப்பட்டு தள்ளிப் போடாதீங்க.

50, மதுரை: முட்டி வலி, இடுப்பு வலி. ஸ்கேன்ல எலும்பு தேய ஆரம்பிச்சிருக்குன்னு சொன்னாங்க. வயசுக்கு வந்தப்ப குடுத்த மாதிரி உளுந்தங்களி சாப்டா போதும்னு எங்க பெரியம்மா சொல்றாங்க. கால்சியம் மாத்திர கிட்னில கல்லு வரும்னு பயமா இருக்கு.

உளுந்தங்களி நல்ல சாப்பாடு, உளுந்துல நூறு கிராமுக்கு இருபது கிராமுக்கு மேல புரோட்டீன், தசைக்கு பலம். ஆனா எலும்புக்கு வேணுங்கற கால்சியம் அதுல அவ்ளோ இல்ல. கருப்பட்டியும் சர்க்கரைதான், சுகர் இருந்தா கைய அடக்கிப் போடுங்க.

கணக்கு போட்டு பாப்போம். மெனோபாஸ் ஆன பொண்ணுங்களுக்கு ஒரு நாளைக்கு 1200 மில்லிகிராம் கால்சியம்னு நம்ம ஊர் ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) சொல்லுது. ஒரு டம்ளர் பால், 200 மில்லி, அதுல 240 கிட்ட. அதே அளவு தயிர் சேர்த்தா இன்னொரு 240. ராகி ராகின்னு எல்லாரும் சொல்றோம், நூறு கிராம்ல 350 சொச்சம் இருக்குங்கறதும் நெஜம், ஆனா ஒரு கிண்ணம் கூழுக்கு நாம போடறது முப்பது கிராம் மாவு, அப்ப வர்றது 110 தான். ராகி களி உருண்டையா சாப்டா இதவிட நல்லாவே கூடும். ஒரு பிடி முருங்கைக்கீர பொரியல், பச்சையா ஐம்பது கிராம்னு வெச்சா 150 வரும். மேல ஒரு ஸ்பூன் எள்ளுப்பொடி, 120, 130. இத்தனையும் ஒரே நாள்ல சாப்டாலும் 900 தாண்டாது, மீதி பருப்பு காயில கொஞ்சம் வரும். ஆக பால் தயிர் ரெண்டும் வேணாம்னு சொல்றவங்களுக்கு சாப்பாட்டுலயே முழுசா எட்டறது கஷ்டம். அசைவம்னா நெத்திலி, முள்ளோட மெல்லற மாதிரி வறுத்து சாப்டுங்க, முள்ளுலதான் கால்சியம்.

எள்ளுப்பொடிய நான் இப்படித்தான் செய்வேன்: கருப்பு எள்ள கழுவி நிழல்ல காயவெச்சு, எண்ணெய் விடாம அடுப்ப சிறுசா வெச்சு வறுக்கணும், படபடன்னு பொரிஞ்சதும் எறக்கிடணும், ஒரு நிமிஷம் விட்டாலும் கசந்துடும். வறுத்த உளுந்து, ரெண்டு வரமொளகா, உப்பு, துளி பெருங்காயம். மிக்ஸிய விட்டு விட்டு ஓட்டுங்க, தொடர்ந்து ஓட்டினா எண்ணெய் கக்கி கட்டியாயிடும். எள்ள முழுசா முழுங்கினா பாதி அப்படியே வெளிய போயிடும், பொடிதான் சரி.

மாத்திரை டாக்டர் எழுதியிருந்தா போடுங்க. ஒரு வேளைக்கு 500 மில்லிகிராமுக்கு மேல உடம்பு சரியா இழுக்காது, அதனால ரெண்டா பிரிச்சு, கார்பனேட் வகைன்னா சாப்பாட்டோட. இரும்பு மாத்திரையோட சேர்த்து போடாதீங்க. ஏற்கெனவே கல்லு வந்தவங்க மட்டும் டாக்டர்கிட்ட சொல்லிட்டு ஆரம்பிங்க. விட்டமின் டி டெஸ்ட் ஒண்ணு எடுங்க, வெயில் இவ்ளோ அடிக்கற ஊர்ல நமக்குத்தான் டி கம்மி, ஏன்னா நாம வெயில்ல நிக்கறதே இல்ல. அந்த 60,000 யூனிட் பாக்கெட் வாரத்துக்கு ஒண்ணு, டாக்டர் சொன்ன வாரத்தோட நிறுத்தணும், பக்கத்து வீட்டுக்காரங்க சொன்னாங்கன்னு மாசக்கணக்கா போடக்கூடாது. அப்பறம் நடங்க, படி ஏறுங்க, ரெண்டு தண்ணி பாட்டில தூக்கி எறக்குங்க. எலும்புக்கு பாரம் ஏத்தாம வெறும் கால்சியம் மட்டும் போட்டு பிரயோஜனம் இல்ல.

46, கோயம்புத்தூர்: "ஹார்மோன் பேலன்ஸ் பவுடர்"னு ஆன்லைன்ல ஒரு டப்பா 1800 ரூபா. சதாவரி, அஸ்வகந்தா எல்லாம் இருக்காம். நான் தைராய்டு மாத்திர போடறேன். வாங்கலாமா?

வாங்காதீங்க. சதாவரிங்கறது நம்ம தண்ணீர்விட்டான் கெழங்குதான், சித்தாவுலயும் ரொம்ப நாளா குடுக்கறாங்க, அதுமேல எனக்கு கோவம் இல்ல. அஸ்வகந்தாதான் பிரச்சன, அது தைராய்டு ஹார்மோன ஏத்தி விடலாம், கல்லீரல் பாதிச்ச கேஸும் பதிவாகியிருக்கு. உங்க டோஸ் கணக்கே மாறிடும். பல டப்பால எது எவ்ளோன்னு எழுதியிருக்காதுங்கறது இன்னொண்ணு. நாட்டு மருந்துதான் வேணும்னா அரசு ஆஸ்பத்திரி சித்தா பிரிவுக்கு போங்க, சென்னைப் பக்கம்னா தாம்பரம் சானடோரியத்துல தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கு. நாடி பாத்து, நீங்க போடற மாத்திரை எல்லாம் கேட்டுட்டு குடுப்பாங்க.

"நான் வாங்கி சாப்டேன், எனக்கு கொறஞ்சுதே"ன்னு ரெண்டு பேர் சொல்லியிருக்கீங்க. குறைஞ்சிருக்கும். ஹாட் ஃப்ளாஷ் ஆராய்ச்சில மருந்தே இல்லாத மாத்திரை குடுத்தவங்களுக்கே கணிசமா குறையுது, தானாவும் குறையும். 1800 ரூபாய்க்கு ஒரு மாசம் வீட்டுக்கு பழம் வாங்கலாம்.

தைராய்டு மாத்திரை போடற எல்லாருக்கும் ஒண்ணு, அது வெறும் வயித்துல. கால்சியம், இரும்பு மாத்திரைக்கு நாலு மணி நேரம் இடைவெளி விடுங்க, காலைலயே சோயா பாலும் வேணாம்.

வெளிநாட்ல இருக்கேன், அம்மாவுக்கு 49. எப்ப ஃபோன் பண்ணாலும் அழறாங்க, எதுலயும் இஷ்டம் இல்லன்னு சொல்றாங்க. மெனோபாஸ்தான், சரியாயிடும்னு அப்பா சொல்றார்.

இந்த வயசுல மனசு தடுமாறறது நெஜமாவே நடக்கறதுதான், ஆனா அப்பா சொல்ற மாதிரி சும்மா விட்டுடற விஷயம் இல்ல. முதல்ல தைராய்டும் ஹீமோகுளோபினும் பாக்க சொல்லுங்க, இந்த சமயத்துல அதிகமா ரத்தப்போக்கு ஆகி ரத்தம் குறைஞ்சாலும் ஆள் இப்படித்தான் சோர்ந்து போவாங்க. ரெண்டு வாரத்துக்கு மேல இப்படியே இருந்தா மனநல டாக்டர். 14416னு டெலிமானஸ், அரசோட மனநல உதவி நம்பர் இருக்கு, காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம். செத்துடலாம் போல இருக்குன்னு எப்பவாவது சொல்லியிருந்தா ஒரு நாளும் தள்ளாதீங்க, யாரையாவது கூட இருக்க வைங்க. நீங்களும் "ஏன்மா அழற"ன்னு கேக்கறதுக்கு பதிலா "நேத்து தூங்கினியா, என்ன சாப்ட"ன்னு கேட்டுப் பாருங்க, பேச்சு வரும்.

41, ஈரோடு: 38ல கர்ப்பப்பைய எடுத்துட்டாங்க. அன்னைலேர்ந்து எல்லா தொந்தரவும் இருக்கு. எனக்கு மெனோபாஸா?

டிஸ்சார்ஜ் சம்மரிய தேடி எடுங்க. கர்ப்பப்பை மட்டும் எடுத்திருந்தா ஓவரி (சினைப்பை) பொதுவா இன்னும் வேலை செய்யும், பீரியட்ஸ் வராது அவ்ளோதான். ரெண்டு ஓவரியும் எடுத்திருந்தா ஆபரேஷன் அன்னிக்கே மெனோபாஸ், அதுவும் படிப்படியா இல்லாம ஒரே அடியா. இவ்ளோ சின்ன வயசுல ஈஸ்ட்ரோஜன் இல்லாம இருந்தா எலும்பும் இதயமும் அடி வாங்கும், உங்க வயசுக்கு பொதுவா ஹார்மோன் சிகிச்ச குடுக்கறதுதான் வழக்கம், வேற தடை இருந்தாலொழிய. இதுக்கு என்கிட்ட களி, கஞ்சி பதில் இல்லம்மா, டாக்டர்கிட்ட கேளுங்க. எங்க பகுதியில கர்ப்பப்பையோட ஓவரியையும் சேர்த்து எடுத்துட்டு, எத எடுத்தாங்கன்னே சொல்லாம அனுப்பறத பாத்து பாத்து எனக்கு எரிச்சல்தான் வருது.

53: ஹார்மோன் மாத்திர போட்டா மார்பு கேன்சர் வருமாமே?

அந்த பயம் 2002ல அமெரிக்காவுல வந்த ஒரு பெரிய ஆராய்ச்சியோட வந்தது. அதுல இருந்தவங்க சராசரி வயசு 63, அதாவது மெனோபாஸ் ஆகி பல வருஷம் கழிச்சு மாத்திர ஆரம்பிச்சவங்க நெறய பேர். ரெண்டு ஹார்மோன் சேர்ந்த மாத்திரைல வருஷத்துக்கு பத்தாயிரம் பேர்ல எட்டு பேருக்கு கூடுதலா வந்துச்சு. பூஜ்யமும் இல்ல, பூதமும் இல்ல. 60க்குள்ள, நின்னு பத்து வருஷத்துக்குள்ள ஆரம்பிக்கறவங்களுக்கு பொதுவா நன்மை கூடன்னுதான் இப்ப சொல்றாங்க. ஏற்கெனவே மார்பு கேன்சர் வந்தவங்க, ரத்தம் கட்டிக்கிட்ட வரலாறு இருக்கறவங்க வேற கணக்கு.

பேர் வேணாம் அக்கா. 52. கணவரோட சேரும்போது எரியுது, வலிக்குது. அடிக்கடி நீர்க்கடுப்பும் வருது. யார்கிட்டயும் சொல்ல முடியல.

இதே கேள்வி இன்னும் மூணு பேர் கேட்டிருக்காங்க, நீங்க தனியா இல்ல. ஈஸ்ட்ரோஜன் குறைஞ்சு அந்த எடத்து தோல் மெல்லிசாயிடுச்சு. சோப்பு, டெட்டால், வாசன வாஷ் எதுவும் உள்ள வேணாம், தண்ணி போதும். வறட்சிக்கு நல்ல தேங்காண்ண தடவலாம், ஆனா ஆணுறை போட்டா எண்ண அத கிழிச்சுடும், அப்ப மெடிக்கல்ல தண்ணி அடிப்படைல செஞ்ச ஜெல் கேளுங்க. ஹாட் ஃப்ளாஷ் நாளாக ஆக குறையும், இது தானா குறையாது, கூடத்தான் செய்யும். அங்கேயே வைக்கற ஈஸ்ட்ரோஜன் க்ரீம் இருக்கு, நீர்க்கடுப்பும் அதுல குறையும், டாக்டர்கிட்ட "வறட்சி"ன்னு ஒரு வார்த்த சொன்னா போதும், மிச்சத்த அவங்க கேட்டுப்பாங்க.

51, தஞ்சாவூர்: சாப்பாட்ட பாதியா குறைச்சும் வயிறு மட்டும் போடுது.

பாதியா குறைச்சதுல சோறு குறைஞ்சுதா, கூட்டும் பருப்பும் குறைஞ்சுதா? நிறைய பேர் ரெண்டு இட்லி சட்னியோட நிறுத்திட்டு டயட்ங்கறாங்க, அதுல புரோட்டீன் எங்க இருக்கு. இந்த வயசுல தசை கரையும், கொழுப்பு இடுப்புலேர்ந்து வயித்துக்கு எடம் மாறும். சோறு ஒரு கரண்டி கம்மி பண்ணி, ஒரு கிண்ணம் சுண்டலோ முட்டையோ மீனோ ஒவ்வொரு வேளையும் வைங்க. சாயங்காலம் டீயோட போற முறுக்கு, பிஸ்கெட்டயும் கணக்குல எழுதுங்க. கூடவே பிபி, சுகர், கொலஸ்ட்ரால் வருஷத்துக்கு ஒரு தடவ, மெனோபாஸுக்கு அப்பறம் கெட்ட கொலஸ்ட்ரால் ஏறும்.

44: மார்பு கேன்சருக்கு சிகிச்சை முடிஞ்சு மாத்திரைல இருக்கேன். சோயா தொடவே கூடாதா?

குழம்புல போடற சோயா உணவு பரவால்லன்னுதான் ஆராய்ச்சிகள் காட்டுது. கேப்சூலா விக்கற ஐசோஃப்ளேவோன் வேணாம். ஹாட் ஃப்ளாஷுக்கு எந்த மாத்திரை எழுதினாலும், நீங்க போடறது டாமாக்ஸிஃபென்னா அதோட வேலைய கெடுக்காதான்னு உங்க கேன்சர் டாக்டர்கிட்டயே கேட்டுட்டு போடுங்க, பராக்ஸெட்டின்னு ஒண்ணு கெடுக்கும்.

47, புதுச்சேரி: ஏழு மாசமா வரல. இனிமே கர்ப்பத்தடை வேணாம்தானே?

வேணும். அம்பது வயசுக்குள்ள நின்னா ரெண்டு வருஷம், அம்பதுக்கு மேலன்னா ஒரு வருஷம் வரைக்கும் ஜாக்கிரதையா இருக்கணும். ஏழு மாசம் வராம இருந்துட்டு எட்டாவது மாசம் கருமுட்ட வர்றதெல்லாம் சகஜம். முதல்ல மெடிக்கல்ல ஒரு கர்ப்ப டெஸ்ட் கார்டு வாங்கி பாத்துடுங்க.