திரைக்கதை எழுத எந்த மென்பொருள் காதுக்குப் புரியும்?

கேள்வி: பார்வை முழுவதும் போய் இரண்டு வருடம் ஆகிறது. திரைக்கதைக்கென்று ஒரு மென்பொருள் வாங்கினேன். திரையில் உள்ளதை உரக்கப் படிக்கும் ஸ்கிரீன் ரீடர் வரியை வாசிக்கிறது, ஆனால் அது வசனமா, காட்சித் தலைப்பா, பாத்திரத்தின் பெயரா என்று சொல்வதில்லை. பாதி இடத்தில் 'பட்டன்', 'பட்டன்' என்று மட்டும்தான் வருகிறது. நான் சொல்லச் சொல்ல யாரையாவது எழுதவைப்பதுதான் வழியா?

பதில்: வேண்டாம், நீங்களே எழுதுங்கள். இன்னொருவர் பக்கத்தில் காத்துக்கொண்டிருக்கும்போது ஒரு வசனத்தை ஐந்தாவது முறை மாற்றிப் பார்க்க மனம் கூசும், அந்த ஐந்தாவது முறையில்தான் பல நேரம் சரியான வசனம் கிடைக்கும்.

திரைக்கதைப் பக்கத்தில் பாதி அர்த்தம், எழுத்து எங்கே நிற்கிறது என்பதில் இருக்கிறது. இடது ஓரம் ஒன்றரை அங்குலம், வசனம் இன்னும் உள்ளே, பெயர் அதற்கும் உள்ளே. கண்ணால் பார்ப்பவருக்கு இது சட்டென்று தெரியும். ஸ்கிரீன் ரீடருக்கோ மென்பொருள் சொன்னால்தான் தெரியும், உங்களுடையது சொல்லவில்லை. உங்கள் பழக்கத்தில் எந்தக் குறையும் இல்லை.

அதனால் இடத்தை நம்பாத முறைக்கு மாறுங்கள். 2012இல் வந்த ஃபவுன்டன் என்ற எழுத்துமுறையைத்தான் முதலில் சொல்வேன். நோட்பேட் போதும். வரி எப்படித் தொடங்குகிறது, எங்கே வெற்று வரி விடுகிறீர்கள் என்பதை வைத்தே எது தலைப்பு, எது வசனம் என்று முடிவாகிறது, இரண்டும் காதில் விழக்கூடியவை. இலவசமாகக் கிடைக்கும் என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடர், வெற்று வரி வந்தால் அதையும் சொல்லிவிடும்.

தமிழில் எழுதினால் ஒரு முடிச்சு உண்டு. ஆங்கிலத்தில் பெயரைப் பெரிய எழுத்தில் அடித்தால் ஃபவுன்டன் அதைப் பாத்திரம் என்று பிடித்துக்கொள்ளும், நமக்குப் பெரிய எழுத்து கிடையாதே! பெயருக்கு முன்னால் @ போடுங்கள், காட்சித் தலைப்பை ஒரு புள்ளியோடு தொடங்குங்கள். பெயருக்கு மேலே வெற்று வரி வேண்டும், பெயருக்கும் வசனத்துக்கும் நடுவே கூடாது. ஒரு பக்கம் எழுதி, ஃபேட் இன் அல்லது மேக்கில் பீட், ஹைலேண்ட் மாதிரி ஒரு திரைக்கதை மென்பொருளில் திறந்து பிடிஎஃப் ஆக்கி, தமிழ் எழுத்துகள் ஒழுங்காக வருகின்றனவா என்று ஒருவரைப் பார்க்கச் சொல்லிவிட்டு அப்புறம் முழுக்கதைக்குப் போங்கள்.

வேர்டு பழகிய கையா? அதிலேயே எழுதலாம். தலைப்பு, பெயர், வசனம் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்டைல், ஒவ்வொன்றுக்கும் ஒரு குறுக்குவிசை. பெயருக்கு அடுத்த பத்தி வசனம் என்று ஸ்டைலிலேயே அமைத்துவிட்டால் என்டர் தட்டியதும் தானாக மாறும். காட்சித் தலைப்புக்கு 'ஹெடிங் 1' கொடுத்தால், என்விடிஏயின் பிரவுஸ் மோடில், அதாவது எழுதாமல் உலாவ மட்டும் செய்யும் நிலையில், எச் விசையைத் தட்டித் தட்டிக் காட்சி காட்சியாகத் தாவலாம். நூறு பக்கத்தில் ஒரு காட்சியைத் தேடி அலைந்தவருக்குத்தான் இதன் அருமை தெரியும்.

இனி எதை வாங்கினாலும் சோதனைப் பதிப்பில் ஒரு முழுக் காட்சியை மவுஸ் தொடாமல் எழுதி, திருத்தி, சேமித்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

கேள்வி: எனக்குக் குறைபார்வை. எழுத்தைப் பெரிதாக்கினால் பக்கக் கணக்கு எகிறுகிறது.

பதில்: எழுத்தின் அளவை மாற்றாதீர்கள், ஜூம் மட்டும் செய்யுங்கள். ஒரு பக்கம் ஏறக்குறைய ஒரு நிமிடம் என்ற கணக்கு 12 பாயின்ட் கூரியர் எழுத்துருவை வைத்துப் போட்டது. விண்டோஸ் மேக்னிஃபையரில் எழுதும் கர்சரைப் பின்தொடரும் அமைப்பையும் போட்டுக்கொள்ளுங்கள், வரி திரைக்கு வெளியே ஓடாது. கூரியர் நியூவின் மெல்லிய கோடுகள் கண்ணை வதைத்தால் ஃபவுன்டனுக்கு வந்துவிடுங்கள். எழுதும்போது எந்தத் தடித்த எழுத்துருவும், எந்தப் பின்னணி நிறமும் உங்கள் விருப்பம், கூரியர் கடைசியில் வந்தால் போதும்.

கேள்வி: நான் பார்வையற்றவள். கூட எழுதுகிறவர் பிடிஎஃப் அனுப்புகிறார், வாசிக்கவே முடியவில்லை.

பதில்: ஸ்கேன் செய்ததாக இருந்தால் அது வெறும் படம், வாசிக்க எழுத்தே இருக்காது. நல்ல பிடிஎஃப்பிலும் பக்கம் மாறும் இடத்தில் வசனத்துக்கு நடுவே 'தொடர்ச்சி'யும் பக்க எண்ணும் புகுந்து ஓட்டத்தைக் கெடுக்கும். அவர் ஃபைனல் டிராஃப்ட் என்ற திரைக்கதை மென்பொருளில் எழுதினால், அது சேமிக்கும் எஃப்டிஎக்ஸ் கோப்பைக் கேளுங்கள். ஃபேட் இன் அதைத் திறந்து ஃபவுன்டனாகவே கொடுக்கும். இதைத் தயங்காமல் கேளுங்கள், அவருக்கு இது ஒரு நிமிட வேலை.