மார்க் வருகிறது, ஆர்வம் வரவில்லை: கேள்வி பதில்

கேள்வி: கணக்கில் எப்போதும் 90-க்கு மேல்தான் வாங்குகிறேன். ஆனால் தேர்வு முடிந்ததும் புத்தகத்தைத் தொடவே தோன்றுவதில்லை. மேல்படிப்புக்கும் கணக்கையே எடுக்கலாமா?

பதில்: ஒன்று செய்து பாருங்கள். 1+3=4. 1+3+5=9. 1+3+5+7=16. ஒற்றைப்படை எண்களை இப்படி வரிசையாகக் கூட்டினால் எப்போதும் வர்க்க எண்தான் கிடைக்கும். ‘சரி, தெரிந்துகொண்டேன்’ என்று நகர்ந்துவிடத் தோன்றுகிறதா, ஏன் என்று மனம் குடைகிறதா? ஒரு புள்ளி வையுங்கள். அதன் வலப்பக்கம் ஒன்று, கீழே ஒன்று, மூலையில் ஒன்று என மூன்று வைத்தால் 2×2 சதுரம். அதே இரண்டு பக்கமும் இன்னும் ஐந்து வைத்தால் 3×3. இதைப் பார்த்து மகிழ்ச்சி வந்தால் கணக்கு உங்களுக்குப் பிடித்த பாடம்தான், தேர்வு அவசரத்தில் அது தெரியாமல் போயிருக்கிறது. ஒன்றுமே தோன்றாவிட்டாலும் தப்பில்லை. யாரும் சொல்லாமலே எதைத் தேடிப் படிக்கிறீர்களோ அதை எடுங்கள். பொருளாதாரமோ உயிரியலோ, கணக்குத் திறமை அங்கேயும் கைகொடுக்கும்.

கேள்வி: மகளுக்கு வரைவது என்றால் உயிர். ஒவ்வொரு படத்துக்கும் பரிசு தருகிறேன். சரிதானே?

பதில்: தயவுசெய்து நிறுத்திவிடுங்கள். லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் 1973-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சோதித்தது. வரையும் ஆசையுள்ள சின்னக் குழந்தைகள் சிலரிடம் ‘வரைந்தால் சான்றிதழ் உண்டு’ என்று முன்கூட்டியே சொன்னார்கள். அப்புறம் சில நாள் கழித்துப் பார்த்தால், அந்தக் குழந்தைகள் தாமாக வரையும் நேரம் மற்றவர்களைவிட வெகுவாகக் குறைந்திருந்தது. முன்கூட்டியே எதுவும் சொல்லாமல், வரைந்த பிறகு சான்றிதழ் கொடுக்கப்பட்ட குழந்தைகளிடம் அந்தச் சரிவு இல்லை. முன்கூட்டியே பேசிய பேரம்தான் கெடுத்திருக்கிறது. மகள் பக்கத்தில் உட்கார்ந்து, “இந்த நிழல் ஏன் இந்தப் பக்கம் விழுகிறது?” என்று கேளுங்கள். அவளே ஆசையாகச் சொல்வாள்.

கேள்வி: இயற்பியல் ரொம்பப் பிடிக்கும், மார்க்தான் வராது. விட்டுவிடவா?

பதில்: வேண்டவே வேண்டாம். ஈரானில் பிறந்த மரியம் மிர்சகானிக்கு நடுநிலைப் பள்ளியில் ஒரு வருடம் கணக்கு சரியாக வரவில்லை. ஆசிரியரும் நம்பவில்லை, மரியத்துக்கும் ஆர்வம் விட்டுப்போனது. அடுத்த வருடம் வந்த ஆசிரியர் ஊக்கம் கொடுத்தார். கணிதத்தின் மிக உயரிய விருதுகளில் ஒன்றான ஃபீல்ட்ஸ் பதக்கத்தை 2014-இல் பெற்று, அதைப் பெற்ற முதல் பெண் ஆனவர் அந்த மரியம்தான். விடைத்தாளை எடுத்து மார்க் எங்கே போகிறது என்று பாருங்கள். மணிக்கு 36 கிலோமீட்டரை நொடிக்கு 10 மீட்டராக மாற்றாமல் சூத்திரத்தில் போட்டிருந்தால், அது பயிற்சியில் சரியாகிவிடும்.

கேள்வி: பிடிக்காத பாடம் பிறகு பிடிக்குமா?

பதில்: பலருக்குப் பிடித்திருக்கிறது. கொஞ்சம் கைவந்த பிறகே சுவை தட்டும் பாடங்கள் உண்டு, இலக்கணம் அப்படித்தான். முழுப் புத்தகத்தோடு மல்லுக்கட்டாமல் ஒரே ஒரு பகுதியை ஆழமாகப் படித்துப் பாருங்கள்.